டிஜே ஸ்டென்ட் சிலரை மட்டும் அதிகமாகப் படுத்துவது ஏன்?

சிறுநீர்க் கல்லை அகற்றிய பின், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் நாளம் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக, மருத்துவர்கள் அதனுள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நெகிழ்வான குழாய் ஒன்றை வைப்பதுண்டு. டிஜே ஸ்டென்ட் எனப்படும் இக்குழாயின் மேல்முனை சிறுநீரகத்திலும் கீழ்முனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு நிற்பதால் குழாய் எளிதில் இடம் நழுவாது. 1978இல் அறிமுகமான இந்த இரட்டைச் சுருள் வடிவமே இன்றும் பெருவழக்கில் உள்ளது. குழாயை நிலைநிறுத்தும் அதே கீழ்ச்சுருள்தான் தொல்லையின் முதல் காரணமும் ஆகும்.

சிறுநீர்ப்பையின் அடித்தளத்தில், இரு நாளங்களின் வாய்களுக்கும் வெளியேறும் வழிக்கும் இடையே உள்ள முக்கோணப் பகுதியில் உணர்நரம்புகள் செறிந்துள்ளன. நடக்கும்போதும் குனியும்போதும் கீழ்ச்சுருள் அங்கே உரசுவதால், பையில் சிறிதளவே சிறுநீர் இருந்தாலும் அவசரமாகப் போகவேண்டும் என்ற உணர்வு எழுகிறது. பை காலியாகிச் சுருங்கும் கடைசி நொடிகளில் அதன் சுவர் சுருளின்மேல் அழுந்துகிறது. சிறுநீர் கழித்து முடிக்கும் தறுவாயில் சுரீரென்ற வலி வருவதும், சிலருக்குச் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவதும் இதனால்தான்.

நோயாளிகளை அதிகம் அச்சுறுத்துவது, சிறுநீர் கழிக்கும்போது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் பிடித்து இழுக்கும் வலியாகும். இயல்பில் நாளம் சிறுநீர்ப்பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழைகிறது. பையில் அழுத்தம் கூடும்போது அந்தச் சாய்வுப் பகுதி நசுங்கி மூடிக்கொண்டு, சிறுநீர் மேலே திரும்பாமல் தடுக்கிறது. ஸ்டென்ட் அந்த வாயைத் திறந்தே வைத்திருப்பதால், பை சுருங்கும்போது எழும் அழுத்தம் நேராகச் சிறுநீரகத்துக்கு ஏறி அதை விரிக்கிறது. குழாய் சரியான இடத்தில் இருக்கும்போதே இவ்வலி வரக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், தவறாக வைத்துவிட்டார்களோ என்ற பாதிப் பயம் நீங்கிவிடும்.

எல்லோருக்கும் இதே குழாய்தானே, சிலர் மட்டும் ஏன் துவண்டுபோகிறார்கள்? நாளத்தின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுபடுவது ஒரு காரணம். குழாய் தேவைக்கு மேல் நீண்டு, கீழ்ச்சுருள் பையின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கிடந்தால் தொல்லை கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏற்கெனவே அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொந்தரவு உள்ளவர்களின் பை சிறு தூண்டலுக்கும் சுருங்குகிறது. கிருமித்தொற்று சேர்ந்துகொண்டாலும் இதே அறிகுறிகள் கடுமையாகும். மனப்பதற்றம் வலியின் உணர்வை உயர்த்துகிறது என்பதும் உண்மை. ஆனால் அதைக் காரணம் காட்டி நோயாளியின் முறையீட்டைத் தள்ளிவிடுவது நல்ல மருத்துவம் ஆகாது.

சிகிச்சையும் இக்காரணங்களையே பின்தொடர்கிறது. டாம்சுலோசின் என்னும் மருந்து நாளத்தின் கீழ்ப்பகுதியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துகிறது; மிராபெக்ரான் போன்றவை பையின் தேவையற்ற சுருக்கங்களைக் குறைக்கின்றன. காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தாலோ, சிறுநீரில் இரத்தக் கட்டிகள் போனாலோ, சிறுநீரே வராமல் போனாலோ அதை ஸ்டென்ட் தொல்லை என்று பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தொல்லையே இல்லாதவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு: ஸ்டென்ட் உள்ளே இருப்பதையே மறந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டால், அதன்மேல் உப்புகள் படிந்து கல்லாகி, சில நிமிடங்களில் உருவியெடுக்க வேண்டிய குழாயை எடுக்க மீண்டும் அறுவைச் சிகிச்சையே தேவைப்படலாம்.