“ஆற்றேன் அடியேன்”: நோயாளி கடவுளோடு சண்டை போடும்போது

முற்றிய புற்றுநோய் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்? சாமி ஏன் என்னை இப்படி வதைக்குது?” உடனே சுற்றியிருப்பவர்கள் பதறிப்போய், “அப்படிப் பேசக் கூடாதும்மா, எல்லாம் நன்மைக்குத்தான்” என்று அடைத்துவிடுவார்கள். அந்தக் கேள்வியால் வரும் கேட்டைவிட, அதை அடைப்பதால் வரும் கேடு பெரிது. மறுநாளிலிருந்து அந்த அம்மா கேட்க மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

கடவுளிடம் முறையிடுவது நம்பிக்கைக் குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் பக்தி மரபில் அது இல்லை. சூலை நோயால் துடித்துத் திருவதிகைக்கு வந்த அப்பர் பாடிய முதல் பதிகத்தைப் பாருங்கள். கூற்றுவனைப் போல வருத்தும் இந்த நோயை நீ விலக்கவில்லையே, நான் செய்த கொடுமை எதுவென்று எனக்கே தெரியவில்லையே என்று கேட்கிறார். வலி வயிற்றுக்குள்ளே குடலைப் பிடித்து முடக்குகிறது என்று இடத்தையும் தன்மையையும் சொல்கிறார். மருத்துவர் கேட்க விரும்பும் வலி விவரமே அதுதான். கடைசியில் “ஆற்றேன் அடியேன்” என்கிறார். தாங்க முடியவில்லை என்று சொல்பவர், அதே மூச்சில் தன்னை அடியேன் என்றும் சொல்கிறார். நம்பிக்கையும் முறையீடும் ஒரே வாயில் இருக்க முடியும்.

விவிலியத்தில் யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்கள் 7 பகலும் 7 இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். வாயைத் திறந்து “நீ ஏதோ தப்பு செய்திருப்பாய்” என்று விளக்கம் சொல்லப்போய்த்தான் கெட்டது. முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் விழுகிறது, புலம்பித் தீர்த்த யோபுவின் மேல் அல்ல.

கடவுளோடு நடக்கும் இந்தப் போராட்டம் உடம்பையும் பாதிக்கக்கூடும். அமெரிக்காவில் உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழு 55 வயதுக்கு மேற்பட்ட 596 உள்நோயாளிகளை 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டது. “கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ” என்று மருகியவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்த எண்ணம்தான் இறப்புக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தூக்கம், பசி, வலி என்று விசாரிப்பதைப் போல இதையும் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

விசாரிப்பதற்கு முன் வலியை அடக்க வேண்டும். பத்துக்கு எட்டு வலியில் இருப்பவரால் ஜெபிக்கவும் முடியாது, ஜபிக்கவும் முடியாது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தைச் சிலர் மறுப்பதற்குக் காரணமே பக்திதான்: “வினையை அனுபவித்தே தீர்க்கணும், பாதியில நிறுத்தினா அடுத்த பிறவியிலும் வரும்.” இவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் மதிக்கும் குருக்களோ, பாதிரியாரோ, இமாமோ “மருந்தும் அவன் கொடுத்ததுதான், சாப்பிடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் காரியம் முடியும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். வலி வந்தபின் போடலாம் என்று காத்திருந்தால் மருந்து எப்போதும் வலிக்கு ஒரு படி பின்னால்தான் ஓடும். மார்ஃபின் மலச்சிக்கலைத் தரும் என்பதால் அதற்கான மருந்தையும் அதே நாளில் தொடங்க வேண்டும். முதல் சில நாள் தூக்கக் கலக்கத்தைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். ரமலான் நோன்பிலும் இதே சிக்கல் வரும். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதைக் குர்ஆனே சொல்கிறது. குற்ற உணர்வில் மாத்திரையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

வலி தணிந்தபின் பேசலாம். நின்றுகொண்டு பேசாதீர்கள், நாற்காலியை அவர் கண் மட்டத்துக்கு இழுத்துப் போட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடம் போதும். “இந்தக் கேள்வி எப்பருந்து மனசுல ஓடுது?” “சாமி மேல கோபமா, பயமா?” “முன்னாடி கஷ்டம் வந்தப்ப எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?” “இப்ப யாராவது வந்து உட்கார்ந்தா நல்லா இருக்குமா?” ஒன்றைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவாமல் காத்திருங்கள். அந்த மௌனம் தாங்காமல்தான் பலரும் ஆறுதல் வசனத்தை அள்ளி வீசுகிறார்கள். “உங்களுக்கு வந்ததுல ஒரு நோக்கம் இருக்கு” என்பது அவற்றில் மிக மோசமானது. நோக்கத்தை நோயாளி சொல்லலாம். பார்க்க வந்தவர் சொன்னால் அது தீர்ப்பு.

நோக்கம் பெரும்பாலும் சின்னதாகத்தான் வரும். பேத்தியின் கல்யாணத்துக்கு எந்தப் புடவை என்று முடிவு செய்வது, மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று மருமகளுக்குச் சொல்லித் தருவது, 10 ஆண்டாகப் பேசாத தம்பியை வரச் சொல்வது. கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்தார்: நோயாளி தன் வாழ்க்கையைச் சொல்ல, அதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவரிடமே வாசித்துத் திருத்தி, குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். வீட்டில் கைபேசியில் ஒரு நாளைக்கு 10 நிமிடம் குரலைப் பதிவு செய்தாலும் நல்லதுதான். காலையில், மருந்து வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாரையும் விட்டுவிடாமல் “உங்களிடம் பிள்ளைகள் ஆசீர்வாதம் வாங்க வரட்டுமா?” என்று கேட்பதும் ஒரு வழி. படுத்த படுக்கையில் இருப்பவர் கொடுக்கக்கூடியது அது.

எல்லாமே ஆன்மிகத் தவிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலரவில்லை, 2 வாரமாக எதிலும் ஈடுபாடு இல்லை, “நான் இருந்து என்ன” என்றே பேச்சு என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. “சாமி கூட்டிக்கிட்டா போதும்” என்றால், “நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மருந்துகளை எட்டாத இடத்தில் வையுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம். படுக்கையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே நோய் ஆதரவுச் சிகிச்சை வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டுக்கு யாராவது பிரார்த்தனைக்கு வருவதாக இருந்தால் மார்ஃபின் வேளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். நோயாளி வலியில்லாமல் உட்காருவார். பத்துப் பேர் வேண்டாம், இரண்டு பேர், 10 நிமிடம். இருமல் சளி உள்ளவர் வாசலோடு போகட்டும். கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் கோயில் தீர்த்தத்தைக் குடிக்கக் கொடுக்காமல் தலையில் தெளித்தால் போதும். திருநீறோ ஜெப எண்ணெயோ நெற்றியில் இடலாம். கதிர்வீச்சு பட்ட தோலிலும் ஆறாத புண்ணிலும் கூடாது.