பார்சா ஜெர்சியும் படர்தாமரையும்

கிளினிக்கில் உட்கார்ந்தபடியே பார்சிலோனா கால்பந்து அணியின் பத்து வருடச் சட்டைகளைப் பார்த்துவிட்டேன். 2015-16 சீசனில், கிளப் வரலாற்றிலேயே முதல்முறையாக நெடுக்குக் கோடுகளை விட்டுக் குறுக்குக் கோடு போட்டார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பையன்கள் அதோடு வந்தார்கள். 2017இல் நெஞ்சிலிருந்த கத்தார் ஏர்வேஸ் விளம்பரம் போய் ராகுட்டன். 2019இல் கட்டம் போட்ட சட்டை. 2022இல் ஸ்பாட்டிஃபை. எந்தச் சட்டையைத் தூக்கினாலும் இடுப்பைச் சுற்றி அதே வட்டம்: ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து. பூஞ்சையால் வரும் படர்தாமரை.

சட்டை மேல் பழி போட மாட்டேன். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சி வைக்காது, வெளியே தள்ளிக் காயவிடும். ஓடி ஆடும்போது அது நல்லதுதான். ஆனால் காய்வதற்குக் காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் அது எங்கே நடக்கிறது? நாம் வாங்கும் நகல் ஜெர்சிகளில் பலவற்றில் காற்றுத் துளைகளும் இல்லை. நெஞ்சிலும் முதுகிலும் ரப்பர் பிரிண்ட் வேறு. ஆட்டம் முடிந்து அதோடே டீக்கடை, அதோடே டியூஷன், சில பேர் அதோடே தூக்கம். பூஞ்சைக்கு அந்த ஈரமும் சூடும் போதும்.

என்னை உறங்கவிடாதது இன்னொன்று. கட்டம் போட்ட ஜெர்சியில் வந்த பிளஸ் ஒன் பையன், பாக்கெட்டிலிருந்து வால்வரை பிதுக்கிய ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தான். மெடிக்கலில் கேட்டு வாங்கியது. அதில் குளோபீட்டசால் இருந்தது, வீரியமான ஸ்டீராய்டு. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை சாகாது. தோலின் எதிர்ப்பு மட்டும் அடங்கும், வட்டம் பரவும். அவன் தொடை இடுக்கில் தோல் மெலிந்து, விரல் அகலத்துக்குக் கோடு கோடாகப் பிளந்திருந்தது. அந்தத் தழும்பு போகாது. வீரியமான ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018இலேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. இன்னமும் இந்த டியூப் பையன்களின் பாக்கெட்டில் இருப்பது எனக்குப் பெரிய வேதனை.

மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சை மருந்தை வட்டத்தின் ஓரத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை தடவுங்கள். வட்டம் மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்தாதீர்கள். வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் அவருக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு வழியாகத் திரும்பி வந்துவிடும்.

ஆட்டம் முடிந்ததும் ஜெர்சியைக் கழற்றிவிட்டுக் குளித்து, இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்துப் பருத்திச் சட்டைக்கு மாறுங்கள். ஜெர்சியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி நல்ல வெயிலில் போடுங்கள். வாடைக்காலத்தில் துணி லேசில் காயாது. அரைகுறை ஈரத்தோடு மாட்டிக்கொள்ள வேண்டாம், மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டோர்னமென்ட்டில் வெளியே வருபவன் கழற்றிய ஜெர்சியை உள்ளே போகிறவன் மாட்டிக்கொள்வது நம்மூர் கிரவுண்டில் சகஜம். கேப்டன்மார்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

அந்தப் பையன் ஏழாவது வாரம் வந்தான். வட்டங்கள் போய்க் கருமை மட்டும் மிச்சம். தொடைக் கோடுகள் அப்படியே இருந்தன. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா என்று கேட்டேன். வெளியே போய்த் தம்பியைக் கூட்டி வந்தான்.