குறைவெண்: வழங்கிக் கொத்துகளில் ‘குவோரம்’

ஓர் அவை செல்லுபடியாகும் முடிவை எடுக்க வேண்டுமானால் குறைந்தது எத்தனை உறுப்பினர் வந்திருக்க வேண்டுமோ, அந்த எண்ணிக்கையே குவோரம். ஒன்று விழுந்தால் மற்றொன்று வேலையை ஏற்கும் வழங்கிக் (சர்வர்) கொத்தில் உறுப்பினர் என்பவை கணுக்கள், அதாவது அதிலுள்ள ஒவ்வொரு வழங்கியும். தரவுத்தளத்தையும் பொது ஐபி முகவரியையும் எந்தக் கணு நடத்துவது என்பதே அங்கே எடுக்கப்படும் முடிவு.

இலத்தீனில் இச்சொல்லுக்கு ‘எவர்களுள்’ என்று பொருள். இடைக்கால இங்கிலாந்தில் அமைதிகாப்பு நீதிபதிகளை நியமித்த அரசாணைகள் பலரது பெயரை அடுக்கிவிட்டு, ‘இவர்களுள் இன்னார் ஒருவராவது இருக்க வேண்டும்’ என்று சட்டம் தெரிந்த சிலரைத் தனியே குறித்தன. அந்த வாசகத்தின் முதற்சொல் இது. ஆக, முதலில் இது ‘யார்’ என்பதைச் சொன்னது. ‘எத்தனை பேர்’ என்ற பொருள் பிறகு வந்தது.

தமிழ்நாட்டுச் சட்டமன்ற வழக்கில் இது குறைவெண். இலங்கைப் பாராளுமன்ற வழக்கில் கூட்டநடப்பெண். செய்தித்தாள்களில் வரும் ‘கோரம்’ கொடூரத்தைக் குறிக்கும் சொல்லோடு குழம்பும் என்பதால் தவிர்ப்பது நல்லது. கணுக்கள் கூட்டம் நடத்துவதில்லை; எனவே கணினித் துறைக்குக் குறைவெண்ணே பொருந்தும். ‘பெரும்பான்மை’ என்று எழுதுவது பிழை. 225 பேர் கொண்ட இலங்கைப் பாராளுமன்றத்துக்கு 20 பேர் போதும். இந்திய மக்களவைக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். கணினியிலும் இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கீழே காணலாம்.

லினக்ஸ் கொத்துகளில் கோரோசிங்க் வாக்குகளை எண்ணும். பேஸ்மேக்கர் சேவைகளை நடத்தும். எதிர்பார்க்கும் வாக்குகளை (வழக்கமாகக் கணுவுக்கு ஒன்று) பாதியாக்கி, பின்னத்தை விட்டு, 1 கூட்டினால் குறைவெண்: 3 கணுக்களுக்கு 2, 4க்கு 3, 5க்கும் 3. நான்காவது கணுவை வாங்குவதால் தாங்கும் திறன் கூடுவதில்லை. மூன்றிலும் நான்கிலும் ஒரு கணுவை மட்டுமே இழக்கலாம். குறைவெண் போனால், மாற்றியமைக்காத பேஸ்மேக்கர் அந்தப் பக்கத்துச் சேவைகளை எல்லாம் நிறுத்திவிடும். வலையமைப்பு அறுந்து இரு பக்கமும் ஒரே தரவில் எழுதுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

இரண்டே கணுக்கள் இருந்தால் கணக்குப்படி குறைவெண் 2. ஒன்று விழுந்தாலே சேவை நிற்கும். அதனால் ‘டூ_நோட்’ அமைப்பு அதை 1 ஆக்குகிறது. இங்கே பெரும்பான்மை கிடையாது, குறைவெண் மட்டும் உண்டு. இணைப்பு அறுந்தால் இரு கணுக்களும் தமக்குத் தகுதி உண்டென்றே நினைக்கும். ஆகவே எதிர்க்கணுவின் மின்சாரத்தை வெட்டும் ஃபென்சிங் இல்லாமல் இந்த அமைப்பை ஓட்டவே கூடாது.

தொடக்க வரிசை சிக்கலாவதும் இங்கேதான். ‘டூ_நோட்’ போட்டதும் ‘வெயிட்_ஃபார்_ஆல்’ தானாகவே இயங்கும்: எல்லாக் கணுக்களும் ஒருமுறையாவது ஒன்றையொன்று பார்க்கும்வரை, புதிதாக எழும் கொத்துக்குக் குறைவெண் கிடைக்காது. மின்வெட்டுக்குப் பின் ஒரு கணு மட்டும் எழுந்தால் சேவை எதுவும் தொடங்காமல் அது காத்துக் கிடக்கும். பலர் இதைப் பழுது என்று எண்ணுகிறார்கள், இது பாதுகாப்பு. மற்றக் கணு மின்சாரமின்றிக் கிடப்பதை நேரில் உறுதிசெய்த பிறகே கொத்தை நிர்வகிக்கும் பிசிஎஸ் கருவியின் ‘பிசிஎஸ் குவோரம் அன்பிளாக்’ கட்டளையால் காத்திருப்பை விலக்க வேண்டும்.

நிறுத்தும்போது, மூன்று கணுக்களை ஒவ்வொன்றாக இறக்கினால் இரண்டாவது இறங்கியதும் குறைவெண் போய், மூன்றாவது தன் சேவைகளைத் தானே நிறுத்தும். முழுக் கொத்தையும் இறக்க ‘பிசிஎஸ் கிளஸ்டர் ஸ்டாப் --ஆல்’ சரியானது. அது முதலில் எல்லாக் கணுக்களிலும் பேஸ்மேக்கரை நிறுத்தி, அதன் பிறகே கோரோசிங்கைத் தொடுகிறது.

ஆனால் குறைவெண் தலைகளை எண்ணுமே தவிர, யாரிடம் புதிய தரவு இருக்கிறது என்று சொல்லாது. மரியாடிபி என்னும் தரவுத்தள மென்பொருளின் கலெரா கொத்தில் (ஒரே தரவை எல்லாக் கணுக்களும் வைத்திருக்கும் கொத்து) முறையாக விலகும் கணு எண்ணிக்கையிலிருந்தே கழிக்கப்படும். அதனால் ஒவ்வொன்றாக நிறுத்தினால் கடைசிக் கணுவரை சேவை தொடரும். கடைசியாக நின்றதன் ‘கிராஸ்டேட்.டாட்’ கோப்பில் ‘சேஃப்_டூ_பூட்ஸ்ட்ராப்: 1’ என்று இருக்கும். கொத்தை அதிலிருந்துதான் எழுப்ப வேண்டும். மற்றவை பின்னர் சேரும். ஒரு கணுவின் மரியாடிபி முழுதாக நின்றதைப் பார்த்த பிறகே அடுத்ததை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எது கடைசி என்பதே குழம்பும்.

மின்சாரம் திடீரென்று போயிருந்தால் எல்லாக் கணுக்களிலும் அந்த மதிப்பு 0, கடைசிப் பரிவர்த்தனையைக் குறிக்கும் வரிசை எண் -1 (அதாவது தெரியாது). அப்போது ஒவ்வொரு கணுவிலும் ‘--டபிள்யூஎஸ்ரெப்-ரெகவர்’ ஓட்டி, பதிவில் வரும் வரிசை எண்களை ஒப்பிட்டு, மிகப் பெரிய எண் உள்ள கணுவில் மட்டும் மதிப்பை 1 ஆக்கி ‘கலெரா_நியூ_கிளஸ்டர்’ கொடுக்க வேண்டும். அவசரத்தில் பழைய கணுவை முதலில் எழுப்பினால், பின்னால் சேரும் கணுக்களின் புதிய தரவை அது முழு நகலாக அனுப்பும் பழைய தரவு அழித்துவிடக்கூடும். உறுதிசெய்யப்பட்ட பரிவர்த்தனைகள் காணாமல் போகலாம்.