கல் உடைந்தது சரி, வெளியே வந்ததா?

"வலி போயிருச்சு சார், அப்புறம் எதுக்கு ஸ்கேன்?" மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள், சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சைக்குப் பிறகு அடிக்கடி கேட்கும் கேள்வி. மருத்துவமனைப் பேச்சில் இதை 'லித்தோ' என்போம். முடித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றால் பலர் வருவதில்லை.

கல் விஷயத்தில் வலியை நம்பக் கூடாது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாயில் கல் இறங்கும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும். அதே கல் ஓரிடத்தில் அடைத்து உட்கார்ந்துவிட்டால் வலி மெல்ல அடங்கிவிடலாம். உள்ளே சிறுநீரகம் வீங்கிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அதன் செயல்திறன் போய்விடும். இன்னொரு சிறுநீரகம் சமாளிப்பதால் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவுகூடச் சரியாகவே இருக்கும். ஸ்கேன் கேட்பது அதனால்தான்.

லித்தோ கல்லை உடைக்கும்; வெளியே எடுக்காது. உடலுக்கு வெளியிலிருந்து வரும் அழுத்த அலைகள் கல் இருக்கும் புள்ளியில் குவிந்து அதைப் பொடிக்கின்றன. கத்தி இல்லை, கரண்டும் உடம்பில் பாய்வதில்லை. 1980-ல் ஜெர்மனியின் மூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்தபோது, நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம்! இப்போது தொட்டி இல்லை. ஜெல் தடவி, தண்ணீர்ப் பையை உடம்போடு ஒட்டவைத்தால் போதும். நிமிடத்துக்கு 60 அலை என்று நிதானமாகக் கொடுத்தால், வேகமாகக் கொடுப்பதைவிடக் கல் நன்றாக உடையும். "சீக்கிரம் முடிங்க சார், பஸ்ஸுக்குப் போகணும்" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

எல்லாக் கல்லுக்கும் இது சரிவராது. சிறுநீரகத்தில் 2 செ.மீ. வரை, சிறுநீர்க்குழாயில் 1 செ.மீ. வரை யோசிக்கலாம். சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் இருக்கும் கல் உடைந்தாலும் துகள்கள் மேலேறி வரச் சிரமப்படும். சி.டி. ஸ்கேனில் கல்லின் அடர்த்தி 1000 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு (ஸ்கேனில் அடர்த்தியைச் சொல்லும் அளவு) மேல் காட்டினால் உடைவது கடினம். உடல் பருமனானவர்களுக்கு அலை கல்லைச் சேர்வதற்குள் வலுவிழக்கும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. சிறுநீரில் கிருமி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர்.

வாழைத்தண்டுச் சாற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 12 மி.மீ. கல்லை வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்பி ஆறு மாதம் ஓட்டுவது ஆபத்து. கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர்கள் அக்னி நட்சத்திர வெயிலில் எத்தனை லிட்டர் குடித்தோம் என்று கணக்குப் பார்ப்பதைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கலாம். மஞ்சள் அடர்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை.

சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வீட்டில் ஒரு பழைய டீ வடிகட்டியை இதற்கென்றே ஒதுக்கி அதில் சிறுநீரை வடித்துப் பாருங்கள். மணல்போல வருவதைக் காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். என்ன வகைக் கல் என்று பரிசோதித்தால் அடுத்தது வராமல் தடுக்க வழி கிடைக்கும். சில சமயம் துகள்கள் குழாயில் வரிசையாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அப்போது இன்னொரு சிகிச்சை தேவைப்படலாம்.

சிறுநீர் அடைபடாமல் இறங்குவதற்காக உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்திருந்தால், எடுக்க வேண்டிய தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். உள்ளே குழாய் இருப்பதையே மறந்து வருடக்கணக்கில் விட்டவர்கள் உண்டு. அதன்மேலேயே கல் படிந்து, எடுக்கப் பெரிய அறுவை சிகிச்சை ஆகிவிடும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீரே வராமல் போவது, நிற்காத வாந்தி, கட்டிகட்டியாக ரத்தம் என்றால் அது நடு ராத்திரியாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். மாத்திரை போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்க வேண்டாம். அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும்.