கடைசல் இருக்க ‘மரம் சுழற்றல்’ எதற்கு?

ஆங்கில மரவேலைக் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்கள், மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் எடுக்கும் வேலையை (woodturning) ‘மரம் சுழற்றல்’, ‘மரத் திருப்பல்’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். உள்ளே குடைந்த கலமோ (hollow vessel) அவர்கள் கையில் ‘வெற்றுப் பாத்திரம்’ ஆகிவிடுகிறது. இரண்டும் பிழை.

உரிய சொல் கடைசல். வேர், கடை. தயிர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே வினை. பழைய பட்டறையில் ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க, மத்தைப் போலவே மரமும் முன்னும் பின்னும் சுழலும். உளியை நோக்கி வரும் சுற்றில் மட்டும் வெட்டு விழும். மோட்டார் வந்த பிறகும் அம்பாசமுத்திரத்து மரச்செப்பு கடைசல் வேலைதான்.

‘சுழற்றலும் தூய தமிழ்தானே’ என்பார்கள். தூய்மை மட்டும் போதாது. சுழற்றுவது மோட்டாரின் வேலை. உளி பிடித்தவர் செய்வதை அந்தச் சொல் சொல்லவே இல்லை. சுழற்சி, வெட்டு, திரண்டு வரும் வடிவம் மூன்றும் ‘கடைந்தெடுத்த’ என்பதில் அடங்கிவிடுகின்றன.

‘வெற்று’ இன்னும் மோசம். வெற்றுப் பாத்திரம் என்றால் சோறு தீர்ந்த பாத்திரம். இங்கே பேச்சு, வாய் குறுகி வயிறு அகன்ற கலத்தைப் பற்றி. வெளியே கடைவது, உள்ளே குடைவது. குடைவரைக் கோயில் என்று சொல்லத் தெரிந்த மொழியில் ‘குடைகலம்’ என்றால் யாருக்குப் புரியாது?

குடைவது தனி வேலை என்பதாலும் தனிச்சொல் வேண்டும். பச்சை மரமென்றால் 20 செ.மீ. விட்டத்துக்கு 2 செ.மீ. சுவர் விட்டுக் குடைந்து, சில மாதம் உலர்த்தி, கோணிய பிறகு மறுபடி கடைய வேண்டும். குடையும்போது முதலில் நடுவில் துளை. அடிக்கனம் விட்டு நிறுத்த வேண்டும். பிறகு வாயருகே உள்ள சுவரை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கலாம். அடியை முதலில் எடுத்துவிட்டால் தாங்க மரம் இல்லாமல் மேற்சுவர் அதிரும், வெட்டு அலையலையாக விழும். வளைந்த உளியின் நேர்ப்பகுதிதான், உளியைத் தாங்க வைத்திருக்கும் தாங்கியில் படிய வேண்டும். வளைவு படிந்தால் உளி கையிலேயே முறுக்கிக்கொண்டு மரத்தில் பாயும். குறுகிய வாயில் சீவல் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி எடுக்க வேண்டும்.

மர இழையை (grain) ‘தானியம்’ என்றே எழுதுகிறவர்களும் உண்டு. இழை, மரம் சுழலும் அச்சின் நெடுக ஓடினால் உள்ளே நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெட்ட வேண்டும். குறுக்கே ஓடினால் விளிம்பிலிருந்து நடுவுக்கு. அந்த இடத்தில் ‘தானியம்’ என்று படிக்கிறவர் உளியை எந்தப் பக்கம் நகர்த்துவார்?