கார் கண்ணாடியை இறக்கி வைத்தால் போதாது

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தான் வைத்திருந்தோம், டாக்டர்."

சென்ற வாரம், வெயிலில் நிறுத்திய காருக்குள் தனியாக விடப்பட்டு நினைவு தப்பிய இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அப்பா இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் இந்த வார்த்தையை இன்னும் எத்தனை பேரிடம் கேட்கப்போகிறேனோ என்ற ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

இரண்டு விரல் இடைவெளியால் கார் குளிராது. 2005-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில் இதை அளந்தே பார்த்தார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ். யாருமே சூடு என்று சொல்லாத நாள். வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி! ஏறிய சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கியும் பார்த்தார்கள். சூடு ஏறும் வேகமும் குறையவில்லை, கடைசியில் எட்டிய அளவும் குறையவில்லை. கண்ணாடி வழியாக நுழைகிற வெயில் சீட்டையும் டேஷ்போர்டையும் காய்ச்சுகிறது, அவை உள்ளே இருக்கும் காற்றைக் காய்ச்சுகின்றன. அடுப்பு எரியும்போது மூடியைச் சற்று விலக்கி வைத்தால் தண்ணீர் கொதிக்காமல் நின்றுவிடுமா?

குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாமே ஆபத்தில்தான்.

தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்புவது என்கிறீர்களா? எழுப்புங்கள், அழட்டும். ஏசி ஓடுகிறதே என்றும் விட்டுப்போகாதீர்கள், இன்ஜின் நின்றுபோனால் உங்களுக்குத் தெரியாது.

"பெற்ற பிள்ளையை மறப்பார்களா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். மறந்தவர்கள் பலர் அன்பான, கவனமான பெற்றோர்கள். தூக்கமில்லாத இரவு, வழக்கம் மாறிய ஒரு காலை, பின் சீட்டில் சத்தமில்லாமல் தூங்கும் குழந்தை. இவ்வளவு போதும். அதனால் கைப்பையையோ செல்போனையோ குழந்தையின் பக்கத்தில் வையுங்கள். இறங்கியதும் பின் கதவைத் திறந்து பாருங்கள், குழந்தை கூட வராத நாளிலும்கூட. பிள்ளை வராவிட்டால் உடனே போன் செய்யும்படி காப்பகத்தில் சொல்லி வையுங்கள்.

விளையாட்டாகத் தானே ஏறி மாட்டிக்கொள்கிற குழந்தைகளும் உண்டு. நிறுத்திய காரைப் பூட்டியே வையுங்கள், சாவி அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. குழந்தையைக் காணோம் என்றால் முதலில் காரையும் டிக்கியையும் பாருங்கள்.

யாருடைய காராக இருந்தாலும் சரி, உள்ளே குழந்தை துவண்டு கிடந்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, குழந்தைக்குத் தள்ளியிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியை உடையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், துணியைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாத வாயில் எதையும் புகட்டாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.