கல்விச் செயலி வாங்கும் முன், வெளியேறும் வழியைக் கேளுங்கள்

கோலாலம்பூரில் டியூஷன் மையங்களுக்கும் சில தமிழ்ப்பள்ளிகளுக்கும் இயங்கலைப் பாடத்தளம் அமைத்துத் தருவது என் வேலை. சந்தா முடிகிற நேரத்தில்தான் தொலைபேசி அதிகம் அடிக்கும். "வேற தளத்துக்கு மாறுறோம் ஐயா, பழைய கேள்விகளை அப்படியே எடுத்துக்கலாம்தானே?"

பெரும்பாலும் முடிவதில்லை. செந்தூலில் ஒரு மையத்தில், ஆசிரியைகள் வருடக்கணக்கில் தட்டச்சு செய்த அறிவியல், தமிழ்மொழிக் கேள்விகள் இருந்தன. செயலியில் 'ஏற்றுமதி' பொத்தானும் இருந்தது. அழுத்தினால் பிடிஎஃப் வந்தது. அச்செடுக்க அது நல்லதுதான். ஆனால் அதில் எது கேள்வி, எது விடை, எத்தனை புள்ளி என்று இன்னொரு மென்பொருளுக்குத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து தட்டச்சுதான்.

இதற்காகத்தான் தொழில்நுட்பத் தரங்கள் இருக்கின்றன. கேள்விகளை இடம் மாற்ற கியூடிஐ, ஒரு தளத்தை இன்னொன்றோடு இணைக்க எல்டிஐ. இரண்டையும் பராமரிப்பது 1எட்டெக் அமைப்பு; 2022 வரை அதன் பெயர் ஐஎம்எஸ் குளோபல். பாடங்களைத் தொகுப்பாகக் கட்டி இடம் மாற்ற ஸ்கார்ம். அதன் 1.2 பதிப்பு 2001இல் வந்தது, இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

விற்பனையாளர் "ஸ்கார்ம் ஆதரவு உண்டு" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். உள்ளே ஏற்றவா, வெளியே எடுக்கவா என்று கேளுங்கள். ஏற்ற மட்டும்தான் என்பார் பலர். அப்புறம், ஸ்கார்ம் பாடத்தை மட்டும்தான் நகர்த்தும்; மாணவர் வாங்கிய புள்ளிகள் பழைய தளத்திலேயே கிடக்கும். 1.2 பதிப்பில் மாணவர் விட்ட இடத்தைக் குறித்துவைக்க 4096 எழுத்துகளுக்குத்தான் இடம். ஒரே தொகுப்பில் நிறைய பயிற்சிகளைத் திணித்தால், பிள்ளை மறுநாள் திறக்கும்போது விட்ட இடம் காணாமல் போயிருக்கலாம். கியூடிஐ என்றால் எந்தப் பதிப்பு என்றும் கேட்க வேண்டும். 1.2 கோப்பை 2.1 மட்டுமே படிக்கும் தளத்தில் போட்டால் வேலை நடக்காது.

தமிழுக்கென்று தனித் தலைவலி ஒன்று உண்டு. காலியிடம் நிரப்பும் கேள்வி; விடை 'பௌர்ணமி'. மாணவி சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், தளம் தவறு என்கிறது. ஆசிரியை தட்டியது ஔகாரக் குறி. மாணவி தட்டியது எகரக் கொம்பும் 'ள' என்ற எழுத்தும்: பெளர்ணமி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் வெவ்வேறு. 'கொ', 'கோ' போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். அவற்றைச் சமமாக்க யூனிகோடிலேயே விதி இருக்கிறது. பௌ, பெள விஷயத்தில் அந்த விதி உதவாது. இரண்டு வடிவங்களையும் சரியான விடையாகச் சேர்க்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து ஒப்படைக்கும் நிறுவனங்களுக்கு இது கண்ணில் படவே படாது.

மாணவர் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாக எடுத்து எக்செலில் திறந்ததும் தமிழ்ப் பெயர்கள் புரியாத லத்தீன் எழுத்துகளாகத் தெரிகின்றனவா? கோப்பு கெடவில்லை. அப்படியே சேமித்துவிட்டால்தான் கெடும். மூடிவிட்டு, எக்செலின் தரவு இறக்குமதி வழியாக, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துத் திறங்கள்.

தளங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும். மலேசியா முழுவதும் பள்ளிகள் பயன்படுத்திய ஃபிராக் விஎல்இ என்ற கற்றல் தளத்தின் காலம் 2019இல் முடிந்தது, 2020இல் கல்வியமைச்சின் டெலிமா தளம் வந்தது. கல்வியமைச்சுக்கே அப்படி என்றால் டியூஷன் மையம் எம்மாத்திரம்?

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. மலேசியாவின் திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், தன் தரவை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அது தொழில்நுட்பச் சாத்தியத்துக்கும் கோப்பு வடிவப் பொருத்தத்துக்கும் உட்பட்டது. வடிவம் பொருந்தாவிட்டால் உரிமை ஏட்டளவில்தான். அரசாங்கத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. தனியார் மையங்களுக்குப் பொருந்தும்.

ஆகவே பணம் கட்டும் முன், சோதனைக் கணக்கில் பத்துத் தமிழ்க் கேள்விகளை ஏற்றுங்கள். ஒன்றில் படம், ஒன்றில் ஔகாரம் இருக்கட்டும். ஏற்றுமதி செய்து, மூடுல் என்ற இலவசப் பாடத்தளத்தில் ஏற்றிப் பாருங்கள். மூடுல் எக்ஸ்எம்எல் அல்லது கிஃப்ட் என்ற கேள்விக் கோப்பு வடிவில் வந்தால் மூடுல் எடுத்துக்கொள்ளும். வந்து சேர்ந்தவற்றில் விடைகளும் புள்ளிகளும் படமும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சந்தா முடிந்த பிறகும் எத்தனை நாள் தரவை எடுக்கலாம், எந்த வடிவில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் ஓராண்டுக்கு மேல் சந்தா போட வேண்டாம்.